பெஸியே: வளைவுகளுக்குப் பேர் கொடுத்த மெக்கானிக்கல்காரர்

இந்த வரியை போன்லயோ லேப்டாப்லயோதான் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. இதுல வர்ற ஒவ்வொரு எழுத்தோட வளைவையும், 'ழ'வோட கீழ்ச்சுழி வரைக்கும், உங்க திரை ஒரே வகைக் கணக்கை வச்சுத்தான் வரையுது. அந்தக் கணக்குக்குப் பேர் பெசியர் கர்வ். மெக்கானிக்கல் மக்களுக்கு அது கேட் பேப்பர்ல வர்ற 13 மார்க் கேள்வி. டிசைன் கிளப் மக்களுக்கு அது பென் டூல். மத்தவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியாமலே தினமும் அதுலதான் வாழறோம்.

நாம 'பெசியர்'னு படிக்கிறோம், பிரெஞ்சுக்காரங்க 'பெஸியே'ன்னு சொல்வாங்க. முழுப்பேர் பியர் பெஸியே. புத்தகத்துல பேர் மட்டும் இருக்கு, ஆள் இல்லை. கணித மேதைன்னுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். உண்மையில அவர் நம்ம ஆளு. வொர்க்‌ஷாப்ல எண்ணெய்க் கையோட ஆரம்பிச்ச மெக்கானிக்கல் இன்ஜினியர்.

டூல் பொருத்துறவர்

1910 செப்டம்பர் 1ஆம் தேதி பாரிஸ்ல பிறந்தார். அப்பாவும் இன்ஜினியர், தாத்தாவும் இன்ஜினியர். அதனால என்ன படிக்கிறதுன்னு வீட்டில் பெரிய விவாதம் நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன். 1930ல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே எலெக்ட்ரிக்கலும் முடிச்சார். 1933ல் ரெனோ கார் கம்பெனியில் சேர்ந்தார். ரெண்டு பட்டம் இருந்தும் கிடைச்ச முதல் வேலை டூல் செட்டர். மெஷின்ல டூலைப் பொருத்தி, அளவு சரியா வருதான்னு பார்த்துக் கொடுக்கிற வேலை. அடுத்த வருஷம் டூல் டிசைனுக்கு மாறினார். அதே கம்பெனியில் மொத்தம் 42 வருஷம், 1975 வரைக்கும் இருந்தார்.

நடுவில் இரண்டாம் உலகப்போர் வந்தது. ஜெர்மானியர்கள் கையில் போர்க்கைதியா மாட்டினார். முகாம்ல இருந்த காலத்திலும் தானியங்கி மெஷின்களைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தார். போர் முடிஞ்ச 1945ல் டூல் டிசைன் அலுவலகத்துக்குத் தலைவர் ஆனார். அப்புறம் ரெனோ 4சிவின்னு ஒரு சின்னக் கார் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல வித்த முதல் பிரெஞ்சுக் கார் அதுதான். அதோட மெக்கானிக்கல் பாகங்களைச் செஞ்ச டிரான்ஸ்ஃபர் லைன்களை வடிவமைச்சது பெஸியேவோட குழு. டிரான்ஸ்ஃபர் லைன்னா வேற ஒண்ணுமில்லை. ஒரு பாகம் ஒரு ஸ்டேஷன்ல துளை போட்டு, அடுத்த ஸ்டேஷன்ல மில்லிங் முடிச்சு, மனுஷக் கை படாம வரிசையா நகர்ந்து முழுசாகி வெளிய வரும்.

இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அவர் வளைவைக் கண்டுபிடிக்கணும்னு கிளம்பின ஆள் இல்லை. ஒரு டை சரியா வரலைன்னா யார் யார்கிட்ட சண்டை போடுவாங்கன்னு கிட்ட இருந்து பார்த்த ஆள். அந்தச் சண்டையிலிருந்துதான் நம்ம சிலபஸ் வந்தது.

பூசி மெழுக முடியாத இடம்

வீடு கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. ஆசாரி நிலையைச் செஞ்சு கொண்டு வருவார். கொத்தனார் வாசலை ஒரு அளவுல கட்டியிருப்பார். ரெண்டுக்கும் நடுவுல விரல் போற அளவு சந்து இருக்கும். ஆசாரி கொத்தனாரைச் சொல்வார், கொத்தனார் ஆசாரியைச் சொல்வார். கடைசியில் யாரும் ஜெயிக்க மாட்டாங்க. நமக்கென்ன, அரியலூர் சிமென்ட் இருக்கு, பூசிவிட்டா முடிஞ்சது.

கார்ல அப்படிப் பூச முடியாது. கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவுல இருக்கிற கோடு ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் ஒல்லியா இருந்தா வாங்க வர்றவர் கண்ணுல முதல்ல அதுதான் படும். அப்போ, 1950கள்ல, கார் உடம்பு எப்படிப் பிறந்ததுன்னு பாருங்க. ஸ்டைலிஸ்ட் படம் வரைவார். அதை வச்சு களிமண் மாடல் செய்வாங்க. மாடல்ல இருந்து அளவெடுத்து, கார் சைஸுக்கே பெரிய தாள்ல வளைவுச் சட்டங்களை வச்சு வரைவாங்க. அந்தப் படத்துல இருப்பது குறுக்குவெட்டுக் கோடுகள் மட்டும்தான். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல உலோகம் எப்படிப் போகணும்னு படம் சொல்லாது. அதை மாஸ்டர் மாடல் செய்யறவர் தன் கண்ணையும் கையையும் நம்பி நிரப்புவார். கடைசியில் அந்த மாஸ்டரைப் பார்த்துக் காப்பி அடிச்சுத்தான் டை வெட்டுவாங்க.

ஒவ்வொரு படியிலும் ஒரு மனுஷன், ஒவ்வொரு மனுஷனுக்கும் ஒரு கண். ஸ்டைலிஸ்ட் நினைச்ச வளைவும் டையில் வந்த வளைவும் ஒண்ணு இல்லை. எது சரின்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்லை. படத்தைக் காட்டுறதா, களிமண்ணைக் காட்டுறதா, மாஸ்டரைக் காட்டுறதா? மரமும் பிளாஸ்டரும் நாள்பட்டா அளவு மாறும் வேற.

1960ல் இந்தப் பிரச்சனையைப் பெஸியே கையில் எடுத்தார். அப்ப அவருக்கு வயசு 50. சாதாரணமா அந்த வயசுல ரிட்டயர்மென்ட் எத்தனை வருஷம்னு எண்ணத் தொடங்குவாங்க. இவர் கம்ப்யூட்டரை எண்ணத் தொடங்கினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. வடிவத்தைத் தாளிலோ மரத்திலோ வைக்காம எண்களாவே வச்சா என்ன? ஸ்டைலிஸ்ட், டை செய்யறவர், வெளியில் பாகம் சப்ளை பண்றவர், எல்லாருக்கும் அதே எண்கள். எண் தேயாது, வெயில்ல விரியாது, ஆளுக்கு ஒரு அர்த்தம் தராது.

நாலு புள்ளி

எண்களா வைக்கணும்னா ஸ்டைலிஸ்டுக்குப் புரியற மாதிரி வைக்கணும். ஓவியம் படிச்ச ஆள்கிட்ட சமன்பாட்டோட கெழுவை மாத்துன்னு சொல்ல முடியுமா? பெஸியே முதல்ல யோசிச்ச வழி அழகானது. ரெண்டு நீள்வட்ட உருளைகள் வெட்டிக்கிற கோட்டை ஒரு பெட்டிக்குள்ள வச்சார். பெட்டியைச் சாய்ச்சு இழுத்தா உள்ள இருக்கிற வளைவும் சேர்ந்து இழுபடும். கணக்குத் தெரியாதவங்களும் பெட்டியைப் பிடிச்சு இழுக்கலாம். பின்னாடி இதையே பல்லுறுப்புக் கோவையா மாத்தினார். பெட்டி போய், இன்னைக்கு நாம பார்க்கிற கன்ட்ரோல் புள்ளிகள் வந்தது.

நாலு புள்ளி எடுத்துக்கோங்க. வளைவு முதல் புள்ளியில் கிளம்பி நாலாவது புள்ளியில் முடியும். நடுவுல இருக்கிற ரெண்டையும் அது தொடாது, ஆனா அந்தப் பக்கம் இழுபடும். கிளம்பும்போது முதல் புள்ளியிலிருந்து ரெண்டாவதைப் பார்த்துக் கிளம்பும். முடியும்போது மூணாவதிலிருந்து நாலாவது போற திசையில் வந்து சேரும். இந்த ஒரு குணத்தை நினைவில் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும். இதையே ரெண்டு திசையில் செஞ்சா 16 புள்ளிகளில் ஒரு பரப்பு கிடைக்கும். அப்படிப் பல துண்டுப் பரப்புகளைத் தையல் போட்டா கார்.

கம்பெனிக்குள்ள எல்லாரும் கை தட்டி வரவேற்கலை. இவ்வளவு நல்ல யோசனையா இருந்தா அமெரிக்காக்காரன் எப்பவோ செஞ்சிருப்பானேங்கிற ரகத்துல சந்தேகம் வந்தது. நம்ம ஊர்ல புராஜெக்ட் ரிவ்யூல கேட்கிற குரல் மாதிரியே இல்ல? வொர்க்‌ஷாப் இன்ஜினியர் கணக்கு எழுதினா யார் மதிப்பாங்கன்னு நினைச்சாரோ என்னவோ, தன் சூத்திரங்களை ஒனேசிம் துராங்ன்னு ஒரு பேராசிரியர் பேர்ல விட்டார். அப்படி ஒரு பேராசிரியரே கிடையாது.

1968ல் அவரோட சிஸ்டம் யூனிசர்ஃப் வேலைக்கு வந்தது. வளைவை மாத்தினா, அதே எண்களை வச்சு சிஎன்சி மில்லிங் மெஷின் மாடலை வெட்டிக் கொடுக்கும். நடுவுல படம் இல்லை, படத்தைப் படிக்கிற கண் இல்லை. 1975ல், அவர் ரிட்டயர் ஆன வருஷம், ரெனோவில் அது முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1977ல், பிரான்ஸ்லேயே தஸ்ஸோ விமானக் கம்பெனி தன் மென்பொருளைத் தொடங்குச்சு. அதுதான் கேட்டியா. 'கேட்டியா கேட்டியா'ன்னு லேப்ல ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கிறோமே, அதே கேட்டியா. அதுல நாம வரையற பரப்புகளுக்கு அடியிலும் இந்தக் கணக்குதான் ஓடுது.

பெரம்பலூர் டு அரியலூர்

இப்ப அந்தக் குணத்துக்கு வருவோம். பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்குப் பஸ்ல போறீங்கன்னு வைங்க. ரோடு நடுவுல அறுந்து ஒரு பள்ளம் இருந்தா பஸ் போகாது. ரோடு சேர்ந்திருக்கணும், அதுதான் ஜி0. சேர்ந்திருந்தாலும் ஒரு இடத்துல கத்தியால வெட்டின மாதிரி மூலை இருந்தா பஸ் திரும்ப முடியாது. சேருற இடத்துல ரெண்டு ரோட்டுக்கும் ஒரே திசை இருக்கணும். அதுதான் டேன்ஜென்சி, ஜி1. திசை ஒண்ணா இருந்தும், நேர் ரோடு திடீர்னு வட்ட வளைவா மாறினா ஜன்னலோரம் தூங்கறவர் தலை கம்பியில் இடிக்கும். வளைவு கொஞ்சம் கொஞ்சமா கூடணும், அது ஜி2. சிவில் நண்பர்கள் நெடுஞ்சாலை வளைவுக்கு முன்னாடி டிரான்சிஷன் கர்வ் போடறது இதுக்குத்தான்.

ரெண்டு பெசியர் வளைவைச் சேர்க்கும்போது கடைசிப் புள்ளியும் முதல் புள்ளியும் ஒண்ணா இருந்தா ஜி0. அந்தப் புள்ளியும் அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற அடுத்த புள்ளிகளும், மூணும் ஒரே நேர்கோட்டுல, பொதுப்புள்ளி நடுவுல இருக்கிற மாதிரி வந்தா ஜி1. அவ்வளவுதான். பக்கம் பக்கமா படிக்கிற டேன்ஜென்சி, மூணு புள்ளியில் முடிஞ்சுபோச்சு.

கண்ணு இதையெல்லாம் எவ்வளவு கூர்மையா பிடிக்கும்னு தெரியணுமா? ஒரு ஞாயித்துக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் போங்க. தஞ்சை விமானம் நேர்க்கோட்டுல ஏறும். ராஜேந்திர சோழன் கட்டின இந்த விமானத்தோட விளிம்பு லேசா உள்வாங்கி வளைஞ்சு ஏறும். அது தளம் தளமா அடுக்கின கல், பரப்பு தொடர்ச்சியானது இல்லை. ஆனாலும் தூரத்துல நின்னா ஒரே வளைவாத்தான் தெரியுது. ஒவ்வொரு தளமும் அடுத்ததுக்கு ஏத்த மாதிரி உள்வாங்கியிருக்கு. ஒரு தளம் மட்டும் தப்பா நின்னிருந்தா கணக்குத் தெரியாத குழந்தைகூட கை காட்டும். பெயின்ட் அடிச்ச கார் கதவும் அப்படித்தான். டியூப்லைட் வெளிச்சம் அதுமேல ஓடும்போது டேன்ஜென்சி பிசகின இடத்துல கோடு உடைஞ்சு தெரியும்.

அப்ப இன்னும் ஏன் சந்து வருது?

எண்கள் எல்லாருக்கும் ஒண்ணுன்னு பெஸியே செஞ்சு வச்சுட்டாரே, அப்புறம் ஏன் ஐஜெஸ் ஃபைலைத் திறந்தா பரப்புகளுக்கு நடுவுல சந்து சந்தா வருது? நியாயமான கேள்வி.

முதல் காரணம் கணக்கிலேயே இருக்கு. 16 புள்ளி வச்ச ரெண்டு பரப்புகள் வெட்டிக்கிற கோட்டைச் சரியா எழுதணும்னா, பொதுவா 324ஆம் படி வளைவு வேணும். எந்த மென்பொருளும் அதை எழுதாது. கிட்டத்தட்ட சரியா வர்ற சின்ன வளைவைப் போட்டு, இவ்வளவு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா ஒண்ணுன்னு வச்சுக்குவோம்னு ஒரு டாலரன்ஸ் சொல்லிக்கும். ஆக, ட்ரிம் பண்ணின ஒவ்வொரு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத சந்து எப்பவும் இருக்கு. ரெண்டாவது காரணம் மொழிபெயர்ப்பு. ஒரு மென்பொருள் பரவாயில்லைன்னு விட்ட சந்தை, இறுக்கமான டாலரன்ஸ் வச்ச இன்னொரு மென்பொருள் ஏத்துக்காது. ஆசாரியும் கொத்தனாரும் மறுபடி வந்தாச்சு.

அதைச் சரிபண்றதுல ஒரு வரிசை இருக்கு. முதல்ல கனெக்ட் செக்கர் போட்டு எங்கே எவ்வளவு சந்துன்னு அளந்துக்கோங்க. தம்மாத்துண்டு சந்துன்னா ஜாயின் போதும். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. ஜாயின் ரெண்டு பரப்பையும் ஒண்ணுன்னு பதிவு பண்ணிக்குமே தவிர, ஒரு மைக்ரான்கூட நகர்த்தாது. மெர்ஜிங் டிஸ்டன்ஸை ஏத்திவிட்டா எரர் மறையும், சந்து மறையாது. அதுதான் பூசி மெழுகறது. ஹீலிங் கட்டளை உண்மையிலேயே பரப்பை வளைச்சுச் சந்தை மூடும். அதனால வளையக்கூடாத நல்ல பரப்புகளை ஃப்ரீஸ் பண்ணிட்டு ஓட்டணும். பெரிய சந்துக்கு ரெண்டுமே ஆகாது. ஓரத்தில் இருக்கிற ஒல்லித் துண்டுகளை எடுத்துட்டு, அன்ட்ரிம் பண்ணி, பரப்பை நீட்டி, திரும்ப வெட்டுங்க. இல்லைன்னா பக்கத்துப் பரப்புகளைத் துணையாக் கொடுத்து டேன்ஜென்ட் ஃபில் போடுங்க.

ஜி0 முடிஞ்ச பிறகுதான் ஜி1. கிழிஞ்ச துணிக்கு இஸ்திரி போட்டுப் பிரயோஜனம் இல்லை, முதல்ல தைக்கணும். கடைசியில் ஜீப்ரா கோடுகளைப் போட்டுப் பாருங்க. கோடு விலகி நின்னா டேன்ஜென்சி இல்லை, சேர்ந்து முறிஞ்சா ஜி1 மட்டும் இருக்கு, வழுக்கிப் போனா ஜி2. இதை விட்டுட்டுப் போனா சாலிட் மூடாது, மெஷ் உடையும். அதையும் மீறி டைக்குப் போயிட்டா அந்தத் தழும்பு அடிக்கிற ஒவ்வொரு தகட்டிலும் விழும்.

பேர் யாருக்கு?

இந்தக் கதையில் இன்னொருத்தர் இருக்கார். பாரிஸ்லேயே சித்ரோன்னு போட்டிக் கம்பெனி. அங்கே 1958ல் பால் த கஸ்தல்ஜோன்னு இளம் கணிதக்காரர் சேர்ந்தார். 1959லேயே இதே வளைவுகளுக்கு வேற வழியில் வந்து சேர்ந்துட்டார். ஆனா சித்ரோன் அதை வெளிய விடலை, கம்பெனி ரகசியம்னு பூட்டி வச்சது. ரெனோ பெஸியேவைக் கட்டுரை எழுத விட்டது. அவர் எழுதினதை இங்கிலாந்தில் ராபின் ஃபாரஸ்ட் படிச்சு, 1912ல் ரஷ்யக் கணிதவியலாளர் பெர்ன்ஸ்டைன் எழுதின கோவைகளோட இது பொருந்துதுன்னு 1972ல் காட்டினார். உலகம் வளைவுக்குப் பெஸியேன்னு பேர் வச்சது. முதல்ல கண்டவர் பேர், அதை வரையற அல்காரிதத்துக்கு மட்டும் ஒட்டிக்கிச்சு.

இது அநியாயமா? ஒரு விதத்துல ஆமா. ஆனா பெஸியே திருடலை, தனியாத்தான் கண்டுபிடிச்சார். எழுதி வெளிய விட்டார். இதை இங்கே சொல்றது சும்மா இல்லை. நம்ம லேப்கள்ல எத்தனையோ நல்ல வேலை பென்டிரைவோட செத்துப் போகுது. ஜூனியருக்குக் கொடுத்தா காப்பி அடிச்சுடுவான்னு பயம், பேப்பர் எழுத சோம்பேறித்தனம். கஸ்தல்ஜோவைப் பூட்டி வச்சது கம்பெனி. நம்மளைப் பூட்டி வைக்கிறது யாரு?

பெஸியே 1968லிருந்து 1979 வரைக்கும் பாரிஸ் தேசிய கலை, தொழில் கல்விக்கூடத்தில் பேராசிரியரா இருந்தார். வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்களுக்கான இடம் அது. 1977ல், 66 வயசுல, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். இனி துராங் பேராசிரியர் தேவைப்படலை. 1985ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல பெரிய கௌரவமான கூன்ஸ் விருது வந்தது. 1999 நவம்பர் 25ல், 89 வயசுல இறந்தார். நம்மள்ல நிறைய பேர் அப்ப பிறக்கவே இல்லை.

2012ல் கஸ்தல்ஜோவுக்கு ஒரு விருது கொடுத்தாங்க. அதோட பேர் பெஸியே விருது. அதை வாங்கும்போது அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அவரும் 2022ல் போயிட்டார்.

பிளேஸ்மென்ட் சீசன்ல பெரம்பலூர்ல இருந்து சென்னை பஸ் ஏறுவீங்க. சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு ரோடு பிரிஞ்சு ஒரகடம் போகும். 2010ல் ரெனோ-நிசான் தொடங்கின ஆலை அங்கேதான் இருக்கு. பெஸியே டூல் பொருத்தின அதே ரெனோ. முதல் வேலை சின்னதா இருக்கேன்னு அந்த நேரத்தில் தோணுச்சுன்னா, அவரோட முதல் வேலை என்னன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். யாராவது சந்து நிறைஞ்ச ஒரு ஃபைலை உங்க கையில் கொடுத்தா, மெர்ஜிங் டிஸ்டன்ஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, முதல்ல அளந்து பாருங்க.